எழுத்தாளர் தனியாக இங்கிலாந்து கிராமத்துக்கு: ஆய்வுப் பயணத்துக்கான முழுமையான வழிகாட்டி

நாவலுக்கோ கட்டுரை நூலுக்கோ தகவல் திரட்ட இங்கிலாந்து கிராமம் ஒன்றுக்குத் தனியாகப் போக நினைப்பவர்களுக்கு இது. முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். இறங்கிய அன்றே ஊர்க்காரர்களிடம் கேள்வி கேட்கிறார்கள், பிறகு ஊரைச் சுற்றிப் படம் எடுக்கிறார்கள், கடைசி நாள் ஆவணக் காப்பகத்துக்கு ஓடுகிறார்கள். அது அன்று மூடியிருக்கும். நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிர்: தாள் முதலில், நிலம் அடுத்தது, மனிதர்கள் கடைசியில்.

உதாரணத்துக்கு ஒரே ஊரைப் பிடித்துக்கொண்டு போகிறேன். டெர்பிஷயர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது), பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் இருக்கும் ஈம். 1665 செப்டம்பரில் அங்கே பிளேக் நுழைந்தது. அடுத்த ஆண்டு ஊரார் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டு, நோய் வெளியே பரவாமல் நிறுத்தினார்கள். இறந்தவர்கள் சுமார் 260 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் ஊர் வேறாக இருந்தாலும் படிகள் இவையே.

1. கேள்விப் பட்டியல் முதலில், டிக்கெட் அப்புறம்

ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள். படித்தால் கிடைக்கும் பதில்கள் இடது பக்கம், அங்கே நின்றால் மட்டுமே கிடைக்கும் பதில்கள் வலது பக்கம். "ஊரின் பாதிரியார் யார்?" என்பது இடப்பக்கக் கேள்வி. "பாதிரியார் வீட்டு வாசலில் நின்றால் எல்லைக் கல் தெரியுமா? நடந்து போக எவ்வளவு நேரம்? வழி ஏற்றமா இறக்கமா?" என்பவை வலப்பக்கம்.

வலப்பக்கம் காலியாக இருந்தால் இன்னும் கிளம்பும் நேரம் வரவில்லை. "அந்த இடத்தின் உணர்வைப் பிடிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதிக்கொண்டு கிளம்பியவர்கள், யாரும் எடுக்கக்கூடிய படங்களோடுதான் திரும்பியிருக்கிறார்கள். இருபது கேள்வியாவது திட்டமாக எழுதுங்கள். தூரம், ஒலி, வாசனை, உயரம், ஈரம் எல்லாம் கேள்விகளே.

2. ஒரே ஊர், ஒரு வாரம்

ஐந்து கிராமங்களை ஐந்து நாளில் பார்க்கும் திட்டம் சுற்றுலாவுக்குச் சரி, எழுத்துக்கு உதவாது. ஒரு பாதையைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, மழையில் ஒருமுறை நடந்தால்தான் அது உங்கள் கையில் வரும். ஒரே இடத்தில் ஏழு இரவு தங்குங்கள். லண்டனில் தங்கி நாள்தோறும் போய்வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கிராமம் விழித்தெழும் நேரமும் அடங்கும் நேரமும் உங்களுக்கு ரயிலிலேயே போய்விடும்.

3. வீட்டிலேயே படித்து முடிக்க வேண்டியவை

பயணத்தின் பாதி வேலை இதுதான். அவசரப்படாதீர்கள்.

முதலில் வரைபடம். ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரிசை 1:25,000 அளவில் இருக்கும். வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு வயலின் எல்லைக் கோடும் இதில் தெரியும். லேண்ட்ரேஞ்சர் வரிசை 1:50,000. அதில் வயல் எல்லைகள் இல்லை, வாங்க வேண்டாம். ஈம் வட்டாரத்துக்கு வேண்டியது ஒயிட் பீக் பகுதியைக் காட்டும் ஓஎல்24 (OL24) என்ற எண்ணுள்ள எக்ஸ்ப்ளோரர் தாள்.

அடுத்தது பழைய வரைபடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடங்களும் இலவசம். இன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வசதி அங்கே உண்டு. எந்தச் சாலை புதிது, எந்தத் தோப்பு பின்னால் வந்தது என்பதை ஒரு மாலையில் கண்டுபிடித்துவிடலாம்.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், கண்ணால் பார்ப்பதெல்லாம் பழையது என்று நம்பிவிடுவதுதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து. பீக் டிஸ்ட்ரிக்டில் சுண்ணாம்பு வைக்காமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் மலைச்சரிவெங்கும் ஓடுகின்றன. பார்த்தவுடனே எழுதத் தோன்றும். ஆனால் மேட்டு நிலத்தில் அளவுகோல் வைத்தது போல நேராக ஓடும் சுவர்களில் பெரும்பாலானவை, பொது நிலங்களை அடைத்துப் பங்கிட்ட பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வந்தவை. 1666-இல் நடக்கும் கதையில் உங்கள் பாத்திரம் அவற்றைத் தாண்டிக் குதிக்க முடியாது. பக்கத்து லேடிபவர் ஏரி இன்னும் பிந்தியது. 1940-களில் நிரம்பிய நீர்த்தேக்கம் அது. டெர்வென்ட், ஆஷப்டன் என்ற இரண்டு ஊர்கள் அதற்குள் போயின.

மூன்றாவது, நாட்காட்டி. இங்கிலாந்து 1752 வரை ஜூலியன் நாட்காட்டியைத்தான் வைத்திருந்தது. ஈம் கதை நடந்த காலத்தில் அது இன்றைய நாட்காட்டியைவிடப் பத்து நாள் பின்தங்கியிருந்தது. அதோடு, அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. பதிவேட்டில் "1665 பிப்ரவரி" என்று இருந்தால் அது நமக்கு 1666 பிப்ரவரி. இது தெரியாமல் காலவரிசை போட்டால், செத்தவர் ஓராண்டு முன்பே செத்துவிடுவார்.

நான்காவது, கையெழுத்து. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்தை ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களாலும் முதல் பார்வையில் படிக்க முடியாது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் இதற்கு இணையத்தில் இலவசப் பயிற்சி வைத்திருக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் தினம் அரை மணி நேரம் பழகுங்கள். காப்பக மேசையில் உட்கார்ந்துகொண்டு எழுத்துக்கூட்டக் கூடாது.

4. காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள்

பாரிஷ் பதிவேடுகள், அதாவது ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் தேவாலயம் எழுதி வைத்த ஏடுகள், 1538-இலிருந்து தொடங்குகின்றன. எல்லா ஊர்களிலும் அவ்வளவு பழையது பிழைக்கவில்லை. தேவாலயத்தில் கேட்டால் மூல ஏடு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலானவை கவுண்டி ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டன. டெர்பிஷயருக்கு அது மேட்லாக் நகரில் இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கில் குடும்பங்களைப் பெயர் பெயராகத் தேடுவதென்றால் 1841 முதல் 1921 வரை பார்க்கலாம். 1931-க்குரியது 1942-இல் தீயில் போயிற்று. 1941-இல் போர்க்காலம் என்பதால் எடுக்கவேயில்லை. இந்த இரண்டையும் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

செய்ய வேண்டியது: தேசிய காப்பகத்தின் டிஸ்கவரி பட்டியலிலும் கவுண்டிக் காப்பகத்தின் பட்டியலிலும் தேடி, வேண்டிய ஆவணங்களின் குறியீட்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கிழமைகளில் திறந்திருக்கும்? இருக்கையும் ஆவணமும் எத்தனை நாள் முன்பு பதிய வேண்டும்? மூலத்தைத் தருவார்களா, நுண்படச்சுருளைத்தான் தருவார்களா? சிறிய காப்பகங்கள் வாரத்தில் சில நாட்களே திறக்கும் என்பதால், இந்தப் பதில்கள் கைக்கு வந்த பிறகே விமான டிக்கெட் போடுங்கள்.

பல கவுண்டிக் காப்பகங்கள் ஒரே இலவச உறுப்பினர் அட்டையை ஏற்கின்றன. ஆர்க்கைவ்ஸ் கார்டு என்று பெயர். இணையத்தில் பதிந்துவிட்டு, நேரில் அடையாளம் காட்டி வாங்க வேண்டும். இங்கேதான் வெளிநாட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டு முகவரிக்குத் தனிச் சான்று கேட்பார்கள். பாஸ்போர்ட் மட்டும் போதாமல் போகலாம். ஆங்கிலத்தில் முகவரி அச்சிட்ட வங்கிக் கடிதம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

5. மாதத்தைக் கதை முடிவு செய்யட்டும்

ஈமில் சாவு உச்சத்தில் இருந்தது 1666 ஜூலை, ஆகஸ்டில். ரைலி பண்ணையில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் எட்டே நாளில் தன் கையால் புதைத்தது ஆகஸ்டில். அதை எழுதப் போகிறவர் பனி மூடிய ஜனவரியில் போய் என்ன பார்ப்பார்? புல்லின் உயரம், ஈக்கள், இரவு ஒன்பது மணிக்கும் மறையாத வெளிச்சம் எல்லாம் கோடையில்தான் கிடைக்கும். உங்கள் கதை குளிர்காலக் கதை என்றால் குளிரில்தான் போக வேண்டும். டிசம்பர் கடைசியில் அங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நடைக்கான நேரத்தை அப்படியே பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

குறிப்பிட்ட மாதம் தேவையில்லை என்றால் மே அல்லது செப்டம்பர் நல்லது. மே மாதத்தில் முதல் திங்களும் கடைசித் திங்களும், ஆகஸ்டில் கடைசித் திங்களும் பொது விடுமுறை. அன்று காப்பகம் மூடியிருக்கும், விடுதி நிரம்பியிருக்கும். ஈமில் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு பிளேக் நினைவு வழிபாடும் நடக்கும். அதைப் பார்க்கவே போனால் தவிர, அந்த வார இறுதியில் அமைதியை எதிர்பார்க்க வேண்டாம்.

6. விசா, காப்பீடு

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வருகையாளர் விசா வாங்க வேண்டும். ஆறு மாதம் வரை தங்கலாம். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். மலேசியா, சிங்கப்பூர், கனடா பாஸ்போர்ட்டுக்கு இடிஏ என்ற மின் அனுமதி போதும். விண்ணப்பத்தில் காரணத்தை நேராக எழுதுங்கள்: சொந்த நூலுக்குத் தகவல் திரட்டப் போகிறேன், அங்கே யாரிடமும் வேலை பார்க்கப் போவதில்லை. காப்பகத்திலிருந்து வந்த முன்பதிவு மின்னஞ்சலை இணைத்தால் சொல்வதற்கு ஆதாரம் இருக்கும்.

மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். அவசரப் பிரிவில் முதல் சிகிச்சை இலவசம்தான், ஆனால் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் வெளிநாட்டுக்காரரிடம் கட்டணம் கேட்பார்கள்.

7. பேருந்து அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு அறை பிடியுங்கள்

படத்தில் அழகாக இருக்கும் பண்ணை வீட்டைப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் போக்குவரத்தைத் தேடுகிறார்கள். கிராமப் பேருந்து மணிக்கு ஒன்று வந்தாலே பெரிது. மாலை ஆறு, ஏழு மணியோடு பல தடங்கள் முடிந்துவிடும். ஞாயிறு சில ஊர்களுக்குப் பேருந்தே கிடையாது. ட்ராவல்லைன் தளத்தில் திங்கள் அட்டவணை, சனி அட்டவணை, ஞாயிறு அட்டவணை மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ரயில் நிலையத்தின் பெயரையும் நம்பக் கூடாது. ஷெஃபீல்டில் ஏறி, டாட்லி சுரங்கத்தைக் கடந்து வெளியே வந்ததும் கிரிண்டில்ஃபோர்டு நிலையம். கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் அந்தப் பெயருள்ள கிராமம் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மைல். ஈம் இன்னும் தள்ளி மலைமேல் இருக்கிறது. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த ஏற்றம் ஏறுவது நடக்கிற காரியம் இல்லை. பெட்டியோடு போகும் அன்று ஷெஃபீல்டிலிருந்து பேருந்தில் போங்கள், ரயிலை நடைநாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்லாக் இன்னொரு சிக்கல். அதே கவுண்டிதான், ஆனால் அங்கே போகும் ரயில் டெர்பியிலிருந்து வருகிறது. ஈம் பக்கத்துக்கு நேர் ரயில் கிடையாது. அதனால் தங்குவதை இரண்டாகப் பிரியுங்கள்: முதல் இரண்டு இரவு மேட்லாக்கில், மற்ற ஐந்து இரவு ஈமிலோ நடந்துபோகும் தூரத்திலோ. முன்பு சொன்ன "ஒரே இடத்தில் ஏழு இரவு" என்ற விதியைக் காப்பகம் தொலைவில் இருந்தால் மட்டும் தளர்த்தலாம்.

கார் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் பதில். குறுகிய ஒற்றைத் தடச் சாலையில் எதிரே டிராக்டர் வருகிறதா என்று பார்த்தபடி ஓட்டுகிறவர் வேறு எதையும் பார்க்க மாட்டார்.

8. முதல் இரண்டு நாள் காப்பகம்

பேனா உள்ளே விடமாட்டார்கள், பென்சில் கொண்டுபோங்கள். பையும் தண்ணீரும் பூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். படம் எடுக்கப் பெரும்பாலும் அனுமதி உண்டு, அதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம்.

ஒவ்வொரு ஆவணத்தையும் எடுத்ததும் முதல் படம் குறியீட்டு எண் சீட்டு, அடுத்ததுதான் பக்கம். இந்தப் பழக்கம் இல்லாதவர்களின் கைபேசியில் எதிலிருந்து எடுத்தது என்றே தெரியாத நூற்றுக்கணக்கான பழுப்புப் பக்கங்கள் சேர்ந்துவிடுகின்றன.

அடக்கப் பதிவுகளை நாள்வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஈமில் அது 1665 செப்டம்பர் 7-இல் ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற பெயரோடு தொடங்குகிறது. லண்டனிலிருந்து வந்த துணிக்கட்டைப் பிரித்தவர் அவர் என்பது கதை. எது ஏட்டில் இருக்கிறது, எது பின்னால் சொல்லப்பட்டது என்று, அறைக்குத் திரும்பியதும் இரண்டு நிற மையில் பிரித்து வையுங்கள். நாவலில் இரண்டையும் பயன்படுத்தலாம், ஆனால் எது எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

9. அப்புறம் நடை

நிலத்தில் கால் வைக்கும்போது பெயர்களும் தேதிகளும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். காப்பகத்தை முன்னால் வைத்ததற்குக் காரணம் இதுதான். தேவாலய முற்றத்தில் கேதரின் மாம்பஸ்ஸனின் கல்லறையைப் பார்க்கிறவருக்கு, பாதிரியாரின் மனைவியான அவள் 1666 ஆகஸ்டில் நோயாளிகளுக்கு நடுவே இருந்து இறந்தவள் என்று தெரிந்திருந்தால், அங்கே நிற்கும் நேரமே வேறாக இருக்கும்.

எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் விட்டுவிட்டு வரும் பச்சைக் கோடுகளாகக் காட்டியிருப்பவை பொதுப் பாதைகள். குட்டைக் கோடுகள் நடப்பவர்களுக்கு, நீளக் கோடுகள் குதிரைக்கும் சேர்த்து. தனியார் வயலுக்குள்ளே போனாலும் அந்தப் பாதையில் நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பாதையை விட்டு விலக உரிமை இல்லை. கம்பங்களில் மஞ்சள் அம்பு நடைபாதை, நீல அம்பு குதிரைப்பாதை. வெளிர் மஞ்சள் நிறமிட்ட மேட்டு நிலங்களில், 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதை இல்லாமலும் நடக்கலாம். வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

மாடுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் ஊர்த் தெருவில் மாட்டை ஒதுக்கிவிட்டு நடந்து பழகியவர்களுக்கு அங்கே பயம் வராது, அதுதான் சிக்கல். இங்கிலாந்தில் கன்றுகளோடு திறந்தவெளியில் விட்டிருக்கும் மந்தை அந்நியரைக் கண்டால் பாய்வதுண்டு. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகவே கூடாது. வயலின் ஓரமாகச் சுற்றிப் போங்கள்.

தனியாக நடப்பதால் கிளம்பும் முன் விடுதிக்காரரிடம் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பள்ளத்தாக்குகளில் கைபேசி சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், தாள் வரைபடமும் பையில் இருக்கட்டும். மலையில் அடிபட்டால் 999-ஐ அழைத்து, போலீஸ் வேண்டும், அப்புறம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பவும் வசதி உண்டு, ஆனால் முன்பே பதிந்திருக்க வேண்டும். கோடையிலும் மழைச்சட்டையும், உங்கள் காலுக்குப் பழகிய பூட்ஸும் தேவை. நீண்ட புல்லில் நடந்த நாள் இரவு காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது லைம் நோயைப் பரப்பும்.

சரி, நடந்து எதைப் பார்ப்பது? ஈமிலிருந்து ஸ்டோனி மிடில்டன் போகும் பாதையில் எல்லைக் கல் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்து வைத்த உணவுக்கு, ஊரார் வினிகரில் நனைத்த காசை அதன் குழிகளில் விட்டுப் போனார்கள் என்பது வழிவழிச் செய்தி. எல்லாரும் கல்லைப் படம் எடுக்கிறார்கள். நீங்கள் குந்தி உட்கார்ந்து குழியில் விரலை விடுங்கள். எவ்வளவு ஆழம், உள்ளே மழைநீர் நிற்கிறதா, அதில் காசைப் போட்டால் எடுக்க எத்தனை விரல் வேண்டும்? அப்புறம் எழுந்து ஊர்ப்பக்கம் திரும்புங்கள். கல்லருகே நிற்பவரின் முகம் ஊரிலிருந்து தெரியுமா, குரல் கேட்குமா? ஒரு காட்சி எழுத இந்தத் தகவல்கள்தான் வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இவை இல்லை.

ஒவ்வொரு இடத்திலும் முதல் பத்து நிமிடம் கேமராவை எடுக்காதீர்கள். கேட்கும் ஒலிகளை எழுதுங்கள், தரை என்ன என்று எழுதுங்கள். ஒரு நிமிட ஒலிப்பதிவு செய்யுங்கள். படம் கடைசியில்.

ஊருக்குள்ளே பிளேக் வீடுகள் என்று பலகை வைத்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. பலகையைப் படித்துவிட்டு நகருங்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும், வாசலில் நின்று வரைவதும் வேண்டாம்.

10. மனிதர்கள் கடைசியில்

நான்காவது நாளுக்கு முன் யாரிடமும் "நான் எழுத்தாளர்" என்று தொடங்காதீர்கள். அதற்குள் கடையில் இரண்டு முறை பால் வாங்கியிருப்பீர்கள், அதே பாதையில் நாயோடு நடப்பவருக்கு இரண்டு முறை வணக்கம் சொல்லியிருப்பீர்கள். பேச்சு தானாக வரும். வானிலையில் தொடங்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம்.

அருங்காட்சியகத்திலோ உள்ளூர் வரலாற்றுக் குழுவிலோ பேசும்போது, ஏட்டில் படித்ததை வைத்துக் குறிப்பான கேள்வி கேளுங்கள். "பிளேக் பற்றிச் சொல்லுங்கள்" என்றால், வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லும் கதையைத்தான் சொல்வார்கள். "இந்த வயலுக்கு இந்தப் பெயர் இருந்ததா? தண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள்?" என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள்.

பப்பில் மேசைக்கு யாரும் வரமாட்டார்கள். கவுன்ட்டரில் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கொடுக்க வேண்டும். மது வேண்டாம் என்றால் ஜூஸ் வாங்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பல ஊர்களில் மதியம் இரண்டு, மூன்று மணிக்குச் சமையலறையை மூடிவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். கூட்டமில்லாத நாளில் கவுன்ட்டர் அருகே உட்கார்ந்தால் பேச்சு எளிது.

உழவர்களின் பேச்சைக் கேட்க வேண்டுமானால் திங்கட்கிழமை பேக்வெல் போங்கள். அன்று கால்நடைச் சந்தை நடக்கும். ஏலக்காரரின் வேகம், வாங்குபவர் தலையை அசைக்கும் விதம், ஈரக் கம்பளியின் வாடை எல்லாம் அங்கே ஒரே காலையில் கிடைக்கும்.

பேச்சைப் பதிவு செய்வதானால் முன்பே அனுமதி கேளுங்கள். பெயரை நூலில் போடலாமா என்பது தனிக் கேள்வி. அதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

11. இரவு ஒரு மணி நேரம்

அன்றைய குறிப்புகளை அன்றிரவே விரித்து எழுத வேண்டும். வயலில் கிறுக்கிய "ஈரம் – சுவர் – காகம்" மறுநாள் உங்களுக்கே புரியாது. ஆனால் அங்கே உட்கார்ந்து அத்தியாயம் எழுத வேண்டாம். அதை வீட்டில் எழுதலாம். எழுதியதும் கேள்விப் பட்டியலை எடுத்து, பதில் கிடைத்தவற்றை அடியுங்கள். புதிதாக முளைத்தவற்றைச் சேருங்கள். படங்களையும் ஒலிப்பதிவுகளையும் இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

12. கடைசி நாளைக் காலியாக விடுங்கள்

பட்டியலில் மீதமிருக்கும் கேள்விகளுக்காகவே அந்த நாள். அதில் புதிய ஊர் எதையும் நுழைக்காதீர்கள். முக்கியமான பாதையை இன்னொரு முறை, எதிர்த்திசையில் நடங்கள். ஏற்றம் இறக்கமாகும்போது தெரியும் காட்சியும் மாறும்.

கிளம்பும் முன் காப்பகப் படங்களின் உரிமையை உறுதி செய்யுங்கள். அங்கே எடுத்த படங்கள் பொதுவாகச் சொந்தப் படிப்புக்கு மட்டுமே. நூலில் அச்சிட வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி வேண்டும், கட்டணமும் இருக்கலாம். அனுமதிக் கடிதத்தில் ஆவணக் குறியீட்டு எண், நூலின் தலைப்பு, எந்தெந்த மொழிகளில் வெளிவரும் என்ற மூன்றும் இருக்கட்டும். தமிழ்ப் பதிப்புக்கு மட்டும் வாங்கிவிட்டு, பின்னால் மொழிபெயர்ப்பு வரும்போது மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.